இரண்டு தோலுக்கு நடுவே

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் தலைப்பைச் சொல்லி அனுப்பிய மறுநாளே ஒரு தொலைபேசி வந்தது. "ஐயா, புல்லில் இருக்கிற புழு என்றால் கூட்டம் வருமா? 'பூச்சிகளும் மனிதனும்' என்று போட்டுக்கொள்ளலாமா?" என்று அமைப்பாளர் பணிவாகக் கேட்டார். கூட்டம் வராவிட்டால் போகட்டும், புல்லை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றேன். பூச்சிகளோடு முப்பது ஆண்டுக்கு மேல் காலந்தள்ளியவன் நான். வெட்டுக்கிளி, பட்டாம்பூச்சி பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. இலையின் தடிமனுக்குள்ளேயே படுத்து, அதற்குள்ளேயே தின்று, அதற்குள்ளேயே வளர்கிற ஒன்றைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அதுவும் புல்லின் இலைக்குள் என்றால் இன்னும் குறைவு. ஏன் குறைவு என்பதில்தான் இன்றைய பேச்சே இருக்கிறது.

தக்காளிச் செடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இலைமேல் யாரோ சுண்ணாம்பைத் தொட்டுக் கிறுக்கிய மாதிரி வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போகும். இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். நடுவில் பச்சைச் சதை. அந்தச் சதையை மட்டும் தின்றபடி ஒரு புழு போன வழிதான் அந்தக் கோடு. இதை இலைச்சுரங்கம் என்கிறோம். பூச்சிகளில் ஈ, அந்து, வண்டு, குளவி ஆகிய நான்கு பெரிய கூட்டங்களில் இந்தப் பழக்கம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. வெயில் இல்லை, காற்று இல்லை, சாப்பாடு சுற்றிலும் சுவராகவே நிற்கிறது. வசதிதான். ஆனால் வீட்டைவிட்டு ஓட முடியாது என்பதால் குளவி ஒன்று வெளியிலிருந்து ஊசி போட்டால் தப்பிக்க வழியில்லை.

இந்தக் கோடுகளை வைத்தே பூச்சியின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் பெர்லின் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த எரிக் மார்ட்டின் ஹெரிங். 1893-இல் பிறந்து 1967-இல் மறைந்தவர். இலைச்சுரங்கப் புழுக்களின் வாழ்வியல் பற்றி அவர் எழுதிய நூல் 1951-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஐரோப்பாவின் இலைச்சுரங்கங்களை இனங்காணும் அவருடைய அட்டவணைகள் 1957-இல் மூன்று பகுதிகளாக வந்தன. அந்த அட்டவணைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. பூச்சியின் பெயரைத் தேடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. செடியின் பெயரில்தான் நுழைய வேண்டும். செடியைத் தெரிந்தவனுக்கே புழுவைக் காட்டுவேன் என்று புத்தகமே சொல்கிறது.

சரி, புல்லுக்கு வருவோம். தக்காளி இலையில் நரம்புகள் வலை போல. புழு எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வளைவு, ஒரு சுழி, ஒரு கையெழுத்து உண்டு. புல்லின் தாளில் நரம்புகள் தண்டவாளம் போல இணையாக ஓடுகின்றன. அவற்றைத் தாண்டுவது சிறு புழுவுக்குப் பெரும்பாடு. ஆகவே ஈப்புழுவும் நேராகப் போகும், அந்துப்புழுவும் நேராகப் போகும். கையெழுத்துப் போடச் சொன்னால் எல்லாரும் ஒரே நேர்கோட்டை இழுத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? புல்லில் சுரங்கம் பார்ப்பவன் நிலை அதுதான். கோட்டின் வடிவம் கைவிட்டுவிடுவதால் மற்ற எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்: முட்டை எங்கே இருந்தது, எந்தத் திசையில் போனது, எச்சத்தை எப்படிப் போட்டது, எங்கே கூட்டுப்புழு ஆனது. எல்லாவற்றுக்கும் முன்னால், அது என்ன புல்?

அதற்கும் முன்னால், அது சுரங்கம்தானா என்று பார்க்க வேண்டும். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் பருவம். காவிரிப் பாசனத்தில் ஒரு நாற்றங்கால். தாள்களில் வெள்ளை வெள்ளையாக நீளக் கோடுகள். பார்த்த மாத்திரத்தில் குறிப்பேட்டில் 'இலைச்சுருட்டுப்புழு' என்று எழுதிவிட்டேன். வரப்பில் நாற்று முடியைக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் உரக்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "சுருட்டுப்புழுன்னா தாளு சுருண்டிருக்கணுமே தம்பி? இது நெட்டுக்குத்தா நிக்குது." அத்தோடு விடவில்லை. ஒரு தாளைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தார். வெள்ளைத் திட்டுக்குள் ஏதோ ஒன்று மெல்ல நெளிந்தது. நகத்தால் தோலைக் கீறினார். தட்டையாக, வெளிர்மஞ்சளாக ஒரு புழு அவர் கட்டைவிரல்மேல் வந்து விழுந்தது. முள் வண்டின் புழு. குறிப்பேட்டில் அடித்துத் திருத்திய அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு தையல் ஊசி இருக்கும். இலைச்சுருட்டுப்புழு தாளை மடித்து உள்ளே உட்கார்ந்துகொண்டு பச்சையைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு தோல். கூண்டுப்புழு சுரண்டினாலும் அப்படித்தான். ஊசியை வைத்தால் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். சுரங்கத்தில் இரண்டு தோலும் அப்படியே இருக்கும். ஓரத்தில் மெல்லக் கீறி ஊசியை விட்டால் தலையணை உறைக்குள் கை நுழைவது போல நடுவில் நுழையும். இதிலும் ஒரு வம்பு உண்டு. முள் வண்டு, வளர்ந்த பிறகு தாளின் மேல்பக்கத்தை நரம்புக்கு இணையாகச் சுரண்டுகிறது. அதன் புழுவோ உள்ளே சுரங்கம் குடைகிறது. ஒரே தாளில் தாய் சுரண்டிய மெல்லிய கோடுகளும் பிள்ளை குடைந்த அகலத் திட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. தாக்குதல் முற்றிய வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். பாக்டீரியா இலைக்கருகல் என்று மருந்து வாங்கப் போனவர்களும் உண்டு. தாளை வெயிலுக்கு நேரே பிடிக்க ஒரு நிமிடம் போதும்.

சுரங்கம்தான் என்று முடிவானால், உள்ளே யார்?

குளவிக் கூட்டத்தைப் புல்லைப் பொறுத்தவரை ஒதுக்கிவிடலாம். மிச்சம் மூன்று. லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது தலை. தலை என்று ஒன்று தனியாக இல்லை, காலும் இல்லை, முன்பக்கம் கூம்பிப்போய் உள்ளே கரிய கொக்கி போல ஏதோ ஆடிக்கொண்டிருக்கிறது என்றால் அது ஈப்புழு. அந்தக் கொக்கிதான் அதன் வாய். தாளுக்குள் புழு உயிரோடு இருக்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கதிர் அறுப்பவன் அரிவாளை வீசுவது போல இப்படியும் அப்படியும் வீசி, எதிரே இருக்கிற பச்சையை வளைவு வளைவாக வழித்து இழுக்கும். அக்ரோமைசிடே என்ற ஈக்குடும்பத்தின் புழுக்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே தின்கின்றன. ஒரு பக்கம் அலுத்தால் புரண்டு மறுபக்கம் படுக்கும். அதனால் எச்சமும் ஒருமுறை இடது ஓரம், ஒருமுறை வலது ஓரம் என்று மாறி மாறி விழும். புழு போய்விட்ட பிறகும் அந்த இரட்டை வரிசைக் கரும்புள்ளிகள் தாளில் இருக்கும். வெறும் சுரங்கத்தை வைத்துக்கொண்டு 'உள்ளே இருந்தது ஈ' என்று துணிந்து சொல்ல இந்த ஓர் அடையாளம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. புரண்டு படுப்பதற்குள் ஒரு குடும்பத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஈயில் இன்னொரு தடயம் சுரங்கத்துக்கு வெளியே இருக்கிறது. தாய் ஈ தன் முட்டையிடும் உறுப்பால் தாளைக் குத்தி, கசியும் சாற்றைக் குடிக்கும். குத்திய இடமெல்லாம் வெண்புள்ளி. புல்லில் அவை நரம்புக்கு இணையாக வரிசை பிடித்து நிற்கும். ஆண் ஈக்குக் குத்தும் கருவி இல்லை. பெண் குத்திய துளைகளில் குடித்துவிட்டுப் போகும். சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே இந்தப் புள்ளி வரிசையைப் பார்த்து, நாலைந்து நாளில் இங்கே கோடு விழும் என்று சொல்லிவிடலாம்.

கூட்டுப்புழுவையும் தேடுங்கள். புல் தின்னும் அக்ரோமைசா இனங்கள் பெரும்பாலும் தோலை அரைவட்டமாகக் கிழித்துக்கொண்டு மண்ணில் போய் விழுகின்றன. செரோடான்தா என்ற பேரினத்தில் பல, சுரங்கத்துக்குள்ளேயே கூடாகிவிடும். கறுத்துப் பளபளக்கும் சிறு நெல்மணி போலத் தோலுக்கடியில் புடைத்துத் தெரியும். மக்காச்சோளத் தாளில் வருகிற சூடோநபோமைசா ஸ்பைகேட்டாவும் இந்தக் குடும்பமே.

தலை தெளிவாகத் தெரிகிறது, அது பழுப்பாகத் தட்டையாக முன்னோக்கி நீண்டிருக்கிறது, நெஞ்சில் மூன்று இணைக் கால், வயிற்றடியில் பொய்க்கால்களும் உண்டு என்றால் அந்துப்புழு. புல்லில் அது பெரும்பாலும் எலாகிஸ்டா என்ற பேரினமாக இருக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் புல்வெளிகளில் இவற்றுக்குப் பெரிய குடியிருப்பே உண்டு. எச்சம் உலர்ந்த துணுக்குகளாக, பெரும்பாலும் சுரங்கத்தின் பின்கோடியில் குவிந்து கிடக்கும். கூட்டுப்புழு ஆகும்போது வெளியே வந்துவிடும். மறைவிடம் தேடாது. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு போல இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் தண்டோடு ஒட்டி உட்காரும். அவ்வளவு நாள் ஒளிந்து வாழ்ந்தது கடைசியில் இப்படி வெட்டவெளிக்கு வருவது ஏன் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

தலை உண்டு, மூன்று இணைக் குட்டைக் கால் உண்டு, பொய்க்கால் இல்லை, உடம்பு அப்பளம் போலத் தட்டை, பக்கவாட்டில் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால் வண்டு. நம் நெல்லில் அது டிக்ளாடிஸ்பா ஆர்மிஜெரா, அதாவது முள் வண்டு. வளர்ந்த வண்டு ஐந்து மில்லிமீட்டர் அளவு, நீலம் பாய்ந்த கறுப்பு, முதுகெல்லாம் முள். முட்டை பொரிய நாலைந்து நாள். புழுப் பருவம் ஏழு முதல் பன்னிரண்டு நாள். கூட்டுப்புழுவும் அதே சுரங்கத்திலேயே நாலைந்து நாள். அசாம், மேற்கு வங்கம், வங்கதேசம் பக்கம் இது பெருந்தொல்லை.

முள் வண்டு முட்டையைத் தாளின் நுனிக்குப் பக்கத்தில் வைக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புல்லின் இலை மரத்தின் இலை போல வளர்வதில்லை. அது அடியிலிருந்து வளர்கிறது. நுனிதான் மூத்தது, அடிதான் குழந்தை. ஆடு மேய்ந்தாலும் புல் மறுபடி எழுவது அதனால்தான். நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்கிறோமே, அதன் கணக்கும் இதுதான். தண்டு துளைப்பானின் முட்டைக் குவியலும் முள் வண்டின் முட்டையும் நுனியோடு போய்விடும். பயிருக்கு இழப்பு சொற்பம். பூச்சி எங்கே முட்டை வைக்கிறது என்பதும் புல் எங்கிருந்து வளர்கிறது என்பதும் ஒரே கிள்ளலில் சந்திக்கின்றன.

இந்த வளர்ச்சிக் கணக்கு தெரியாவிட்டால் ஹைட்ரெல்லியா நம்மை நன்றாக ஏமாற்றும். நெல்லின் குருத்துக்குள் வாழும் சிறு ஈயின் புழு அது. ஹைட்ரெல்லியா பிலிப்பினா என்று பெயர். இன்னும் விரியாத குருத்தின் ஓரத்தை உள்ளிருந்தே தின்னும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. குருத்து நீண்டு விரிந்த பிறகு ஓரத்தில் வெள்ளைத் திட்டும் ஊசித்துளையும் மேலே ஏறி வந்து நிற்கும். நாம் அந்தத் தாளைப் பிய்த்து லென்ஸ் வைத்துத் தேடினால் புழு எங்கே இருக்கும்? அது கீழே அடுத்த குருத்தில் இருக்கும். காயம் மாடியில், குற்றவாளி தரைத்தளத்தில். நட்டு ஒரு மாதத்துக்குப் பிறகு பயிர் தானாகத் தேறிவிடும். பெரும்பாலும் மருந்தே தேவையில்லை.

அதே பேரினத்தில் ஹைட்ரெல்லியா கிரிசியோலா முறையான சுரங்கக்காரன். 1953-இல் கலிபோர்னியா நெல் வயல்களில் அது கடுமையாகத் தாக்கியது. ஆழமான தண்ணீரில் நாற்றின் தாள் நிமிராமல் நீர்மேல் படுத்துக் கிடக்கும்போது ஈ அதில் முட்டையிடும். தண்ணீரை இறக்கினால் தாள் நிமிரும், தாக்குதல் குறையும். நீர் மேலாண்மையே அங்கே பாதி மருந்தானது. இந்தப் பேரினத்தின் புழுவுக்கு இன்னொரு விசித்திரம்: பின்புறத்து மூச்சுத்துளைகள் இரண்டும் முள் போலக் கூர்ந்திருக்கும். அதைச் செடியின் காற்றறைக்குள் குத்தி அங்கிருந்து மூச்சு வாங்கும். அக்ரோமைசிடே புழுவின் மூச்சுத்துளைகள் குட்டையான குமிழ்கள். நுண்ணோக்கியில் புழுவின் பின்பக்கத்தைப் பார்த்தாலே இரண்டு குடும்பமும் பிரிந்துவிடும். மாணவர்கள் எப்போதும் தலையையே பார்க்கிறார்கள்.

இனி, புல். உண்மையான சிரமம் இங்கேதான். சுரங்கப் புழுக்களில் பல, ஒரு புல்லையோ ஒரு சில புற்களையோ மட்டும் தின்பவை. ஆகவே புல்லின் பெயர் தெரிந்தால் சந்தேகப் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஆனால் பூக்காத புல்லை அடையாளம் சொல்வது புழுவை அடையாளம் சொல்வதைவிடக் கடினம். கதிர் வராமல் பெரும்பாலான தாவரவியலாளர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பூச்சிக்காரர்களான நாங்களோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 'புல்வகை' என்று ஒட்டுச்சீட்டில் எழுதி முடித்துவிடுவோம். அருங்காட்சியகப் பெட்டிகளில் அப்படி எழுதிய சீட்டுகளைப் பார்க்கும்போது வயிறு எரியும். பாதித் தகவலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூச்சியை மட்டும் ஊசியில் குத்தி வைத்திருக்கிறோம்.

களை எடுக்கும் பெண்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. நெல் நாற்றும் குதிரைவாலிப் புல்லும் இளமையில் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். தாளும் அடியுறையும் சேருகிற கழுத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வாக ஒரு சிறு நா நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மயிர் முளைத்த இரண்டு காதுகள். குதிரைவாலியில் நாவும் இல்லை, காதும் இல்லை, கழுத்து வழவழ. நாங்கள் இதைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் படம் வரைந்து படித்தோம். அவர்கள் குனிந்த வாக்கில் விரல் நுனியால் தொட்டே பிடுங்குகிறார்கள். என் குறிப்பேட்டைத் திருத்த வைத்த அந்த அம்மாவிடம்தான் பிறகு ஏழெட்டு வரப்புப் புற்களின் பெயரைக் கற்றேன். கதிர் வராத புல்லில் சுரங்கம் கண்டால் அந்தத் தூரில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு வந்து, கதிர் வந்ததும் போய்ப் பார்க்கும் பழக்கமும் அவர் சொல்லித் தந்ததே.

தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்திருக்கிறார். அந்தக் கணக்கில் மூங்கில் மட்டுமல்ல, தென்னையும் பனையும் புல். தாவரவியல் இதை ஏற்காது. ஆனால் எங்கள் வண்டுகள் ஓரளவு ஏற்கின்றன. முள் வண்டின் தூரத்து உறவான ப்ரோமெகோதீகா கமிங்கி தென்னங்கீற்றில் சுரங்கம் குடைவது. 1970-இல் அது இலங்கையில் கண்டறியப்பட்டபோது தென்னை வைத்திருந்தவர்கள் பதறிப்போனார்கள். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு குளவி அதை அடக்கியது. நெல்லின் தாளும் தென்னையின் ஓலையும் இணை நரம்பு கொண்டவை. நேர்கோட்டில் குடையத் தெரிந்த கூட்டத்துக்கு இரண்டும் பழகிய நிலம்.

புல்லுக்கு வெளித்தோலில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தாளின் தோலில் கண்ணாடி போலப் படியவைக்கிறது. உலர் எடையில் பத்தில் ஒரு பங்குவரை அது இருக்கும். கையில் நெல் தாள் அறுத்தவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து கடிப்பவன் பல் தேயும். தோலைத் தொடாமல் நடுவில் இருப்பதை மட்டும் தின்பவனுக்கு அந்தக் கண்ணாடியே கூரையாகிவிடுகிறது.

கடைசியாக வளர்ப்பு. இவ்வளவு தடயமும் பெரும்பாலும் நம்மைப் பேரினம்வரை கொண்டுவந்து விடும். இனத்தின் பெயருக்கு வளர்ந்த பூச்சி வேண்டும், அதிலும் பல சமயம் ஆண் வேண்டும். புல்லைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் அது சுருண்டு குழாயாகிவிடும். தாளின் மேல்பக்கம் இருக்கிற நீர்நிறை செல்கள் வாடிச் சுருங்குவதால் வருவது இது. ஆகவே தாளை மட்டும் கிள்ளாதீர்கள். தூரோடு பிடுங்கி, வேரில் ஈரத்துணி சுற்றி, ஊதிய பாலிதீன் பையில் போடுங்கள். உள்ளே தண்ணீர் கோத்தால் பூஞ்சணம் வந்து எல்லாம் போய்விடும். காகிதத் துண்டு ஒன்றை உள்ளே வையுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தால் எப்போதும் எதிர்பார்த்தது வராது. ஈ வரும் என்று சீட்டெழுதி வைத்த குப்பியில் விடிந்து பார்த்தால் பச்சையும் தங்கமுமாக மின்னுகிற ஒரு குட்டிக் குளவி உட்கார்ந்திருக்கும். புழுவைத் தின்று தீர்த்தது அது. என் குப்பிகளில் பாதிக்கு மேல் குளவிதான். தொடக்கத்தில் எரிச்சலில் அவற்றைத் திறந்து பறக்கவிட்டேன். எந்தப் புல்லில், எந்தப் புழுவிலிருந்து, எந்தக் குளவி என்ற மூன்று தகவலும் ஒரே குப்பியில் கிடைத்திருந்ததை அறிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

அப்படி விடாமல் வைத்த ஒன்று இதோ இந்த மேசைமேல் இருக்கிறது. கறுத்த கூடு ஒன்று, பக்கத்தில் குளவி ஒன்று, ஒரு தாள் துண்டு. சீட்டில் தேதியும் ஊரும் புல்லின் பெயரும் உண்டு. ஈயின் பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலி. நுண்ணோக்கி உள்ள மாணவர் யாராவது எடுத்துப் போகலாம். மூடியை மட்டும் மெல்லத் திறங்கள்.

வரும் வழியில் உங்கள் கட்டடத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தைப் பார்த்தேன். தண்ணீர்ப்புல் இடுப்பளவு நிற்கிறது. ஒரு தூரில், நடுத்தாளில், நுனியிலிருந்து ஒரு சாண் கீழே வெள்ளைக் கோடு ஒன்று. பிய்க்கவில்லை. கைக்குட்டையிலிருந்து ஒரு நூலை உருவிக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வருகிறவர்கள் வரலாம், ஊசி என்னிடம் இருக்கிறது.